முதல் வரிசை இருமல்

இன்னும் பதினாறு. நெய்னார் முகமது மனசுக்குள் கழித்துப் பார்த்தார். நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தால் ஒரு ரக்அத்து. நோன்பு மாதத்து இரவுத் தொழுகைக்கு இருபது. நாலு போயாச்சு, பதினாறு பாக்கி. அடிவயிற்றில் அது இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். தொழுகையில் நின்றுகொண்டு இப்படியா கணக்குப் போடுவது, மடையா, என்று தன்னையே ஏசிக்கொண்டு கண்ணைத் தாழ்த்தினார். முன்னால் இரண்டு முழம் தள்ளி, வெள்ளை ஜுப்பாவும் தலைப்பாகையுமாக அவர் மகன் இத்ரீஸ் ஓதிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. வேதம் முழுவதையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்ட ஹாபிழ். பிறை பார்த்த நாளிலிருந்து இருபத்தாறு இரவுகளாக ஓதிவந்து, இன்று இருபத்தேழாம் இரவு, கடைசி அத்தியாயத்தைத் தொட்டுத் தமாம் செய்து, வேதத்தை ஓதி நிறைவாக்கப்போகிறான். அவன் முன்னால் நின்று தொழவைக்கிற முதல் வருஷம் இது. அந்தக் கடைசி அத்தியாயத்தை அவன் ஓதும்போது அவனுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் நிற்க வேண்டும். நெய்னார் முகமதுவுக்கு வேறொன்றும் வேண்டாம். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். மகனுக்கு ஒரு எழுத்துகூட அவர் ஓதிக் கொடுத்ததில்லை, அவருக்கே தெரிந்தது பத்துப் பன்னிரண்டு சின்ன அத்தியாயங்கள்தான். பின்னால் நிற்கத்தான் அவரால் முடியும். அதற்கும் இந்த மூத்திரப்பை சம்மதிக்க வேண்டியிருக்கிறது.

ஐந்து, ஆறு. இருமல் வந்தது. மாதம் முழுக்க இந்த இருமல் வேறு. அந்தக் காலத்து டீசல் புகை பாதி, புது மாத்திரை நாக்கை வறட்டுவது பாதி. கர்ரென்று ஒரு சத்தம், பிறகு இரண்டு குட்டிச் சத்தம். மேலப்பாளையத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவனும் இது டிரைவர் நெய்னார் என்று சொல்லிவிடுவான். இருமும்போதெல்லாம் கீழே ஒரு குத்து விழுந்தது. தொடைகளை நெருக்கிக்கொண்டார். எப்பேர்ப்பட்ட ஆள் அவர்! திருநெல்வேலியில் ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் விழுப்புரம் தாண்டித்தான் கீழே இறங்குவார். கண்டக்டர் மூன்று தடவை இறங்கி வருவான், பயணிகள் வழியெல்லாம் மணி அடிக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள், இவர் மட்டும் கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருப்பார். டிப்போவில் அதற்கென்று ஒரு பட்டப்பெயரே இருந்தது, சபையில் சொல்லக்கூடியதல்ல. மற்றவர்கள் பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லும்போது என்ன ஏளனம் இவருக்கு! ஒருமுறை ஒரு பெரியவர், பக்கத்தில் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் தம்பி, ரெண்டே நிமிஷம் என்றார். அடுத்த ஸ்டாண்டு அரை மணி நேரம்தான் என்று சொன்னார் இவர். அரை மணி நேரம்தான். பெரியவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். விழுப்புரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை, துண்டை மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அந்தத் துண்டின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது, ஊதா. இருபது வருஷமாக மறந்திருந்த துண்டு இந்த மாதம் எத்தனை தடவை வந்துவிட்டது. குனிந்து நிமிர்ந்தபோது அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார், அவர் யார், உயிரோடு இருக்கிறாரா, எதுவும் தெரியாமல்.

எட்டு முடிந்து சலாம் கொடுத்ததும் சின்ன ஓய்வு. வரிசை வரிசையாகத் தண்ணீர் டம்ளர் வந்தது, இன்று விசேஷ நாள் என்று ஏலக்காய் போட்ட பாலும் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, பிய்த்தெடுத்தால் சத்தம் கேட்கும்போல. பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடை மசூது, "ஒரு மடக்கு குடிங்க மாமா, இருமல் அடங்கும்" என்று டம்ளரை நீட்டினார். வாங்கினார். டம்ளரைப் பார்த்தார். இந்த ஒரு மடக்கு நேராக எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். உதட்டை நனைத்துவிட்டுக் கீழே வைத்தார். நோன்பு திறந்தவுடன் எவ்வளவு குடித்தோம்? கஞ்சி இரண்டு கோப்பை, சர்பத் ஒன்று, தண்ணீர் ஒரு செம்பு. குடிக்காமல் எப்படி இருப்பது, பதிமூன்று மணி நேரம் காய்ந்து கிடந்த உடம்பு. ஆனால் போன நோன்புக்கும் இதே கஞ்சிதான், இதே செம்புதான், அப்போது ராத்திரி ஒரு தடவை எழுந்தால் அதிகம். இந்த வருஷம் ஐந்து. முதல் நோன்பன்று ஐந்து, இரண்டாம் நோன்பன்று ஐந்து, பத்தாவது அன்று ஆறு. நோன்பு தொடங்கியதற்கு முந்தின வாரம் இரண்டுதான். அது எப்படி ஒரே நாளில் கெட்டுப்போகும் ஒரு மனுஷனின் உள்ளே? போகும். அண்ணனுக்குப் போயிற்றே. அண்ணன் மீரான், சாகிற வருஷம் இப்படித்தான் ராத்திரியெல்லாம் நடந்தான், தூக்கம் வரல நெய்னா என்பான், பிறகு கால் வீங்கியது, பிறகு வாரம் இரண்டு நாள் மெஷினில் படுத்தான், பிறகு இடுப்பில் ஒரு டியூப், டியூப்பின் முனையில் ஒரு பை, அந்தப் பையை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே வரவே இல்லை. கால் வீக்கம் இவருக்கும் வந்ததுதான். ஒன்றரை வருஷமாகிறது. பிரஷருக்கும் வீக்கத்துக்குமாகச் சேர்த்து மாத்திரை கொடுத்து, அது வடிந்தும் விட்டது. வடிந்ததா, வேறெங்காவது போய் உட்கார்ந்துகொண்டதா?

ஒன்பது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மைமூனிடம் சொல்லலாமா? அவள் வேறொரு கதையில் இருக்கிறாள். ராத்திரியில் கணவன் ஐந்து தடவை எழுந்து போவதையும் தண்ணீர்ச் சத்தத்தையும் அரைத் தூக்கத்தில் கேட்டுவிட்டு, மனுஷர் தஹஜ்ஜத்து, அதுதான் நடுராத்திரித் தனித் தொழுகை, அதற்காக ஒளு செய்து கைகால் கழுவுகிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். கட்டியதோடு விட்டாளா, பெண்கள் தொழுகைக்கூடத்தில், எதிர்வீட்டில், போனில் சம்பந்தி வீட்டாரிடம், "எங்க வீட்டு ஆளு இந்த வருஷம் ஆளே மாறிட்டாவ, ராவெல்லாம் தொழுகைதான்" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். முதல் நாளே இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் அவள் தன்னைப் பற்றி இப்படிப் பெருமையாகப் பேசி அவர் கேட்டதில்லை, அந்தச் சொகுசுக்கு ஆசைப்பட்டார். இப்போது தெருவில் நாலு பேர் தங்களுக்காகப் பிரார்த்திக்கச் சொல்லித் துஆ கேட்கிறார்கள். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து படுப்பவனிடம் துஆ! வெட்கமாக இருந்தது, நிஜமாகவே காது சுட்டது.

பதினாறாவது நோன்பன்று, வீட்டில் சொல்லாமல், பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனார். சின்னப் பெண். அவளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போனார், அவளோ நேராக, "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க, ஐயா?" என்று கேட்டாள், காய் என்ன விலை என்று கேட்பதுபோல. ரத்தம், மூத்திரம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாள். கிட்னி நன்றாக இருக்கிறது, சர்க்கரை இல்லை, புராஸ்டேட் வயசுக்குத் தக்கபடிதான் என்றாள். நன்றாக இருந்தால் ஏன் ஐந்து? "போட்டுக்கிட்டிருக்கிற மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடுறீங்களா?" "ஒருநாள் தப்புனதில்லம்மா." அப்புறம்தான் இந்தப் புது மாத்திரையை எழுதினாள். இது மூத்திரப்பை சும்மா சும்மா முறுக்காமல் பார்த்துக்கொள்ளும், உள்ளே ஊறுகிற மூத்திரத்தைக் குறைக்காது, வாய் வறளும், அவசரப்பட்டு ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிடாதீர்கள், பிறகு போக முடியாமல் அடைத்துக்கொள்ளும். ஊறுகிறதைக் குறைக்காது என்று நடுவில் சொன்னது மட்டும் அவர் மனசில் ஏறவில்லை. பத்து நாளாகப் போடுகிறார். ஐந்து நாலாகக் குறைந்தது, ஒரு நாள் மறுபடி ஐந்து. வாய் வறண்டதால் ராத்திரி தலைமாட்டில் சொம்பு வைத்துக் குடித்தார், குடித்ததற்கு எழுந்தார். இன்று வீட்டைவிட்டு வரும்போது அட்டையிலிருந்து இன்னொன்றைப் பிதுக்கி ஜுப்பாப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு தைரியத்துக்கு. பதினொன்றில் கையைக் கட்டும்போது விரல் பையின் மேல் பட்டது, உள்ளே அது இருந்தது, மொச்சைக் கொட்டை அளவுகூட இல்லை. அடுத்த ஓய்வில் போட்டுக்கொண்டால் என்ன? அடைத்துக்கொள்ளும். இன்றைக்கு மட்டும் அடைத்துக்கொண்டால்தான் என்ன? அண்ணனின் பை. லுங்கிக்குள் பை. வேண்டாம், வேண்டாம், யா அல்லாஹ், நான் எதை யோசித்துக்கொண்டு உன் முன்னால் நிற்கிறேன்.

மகனின் குரல் வேகம் பிடித்திருந்தது. இத்ரீஸ் ஓதுவது ஊரில் பிரசித்தம். ஒரு எழுத்து பிசகாது, ஆனால் நாலு மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்கு மதுரை என்கிற மாதிரி ஓதுவான். இளவட்டங்கள் இந்தப் பள்ளிவாசலுக்கு ஓடி வருவதே அதற்காகத்தான். பன்னிரண்டாவதில் அவன் விடியற்காலையின் மீது ஆணையிட்டுத் தொடங்கும் அத்தியாயத்தை எடுத்தான். அதன் பொருள் நெய்னார் முகமதுவுக்குத் தெரியும், பள்ளிவாசல் சொற்பொழிவான பயானில் கேட்டிருக்கிறார். விடியற்காலை. விடியற்காலை என்றதும் நோன்பு பிடிக்குமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாடு வந்தது, மைமூன் தட்டில் வைக்கும் இரண்டு மாத்திரை வந்தது, ஒன்று கொழுப்புக்கு, இன்னொன்று இரவில் போடுகிற பிரஷர் மாத்திரை. நோன்பு மாதத்தில் அவர்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ், ராத்திரிச் சாப்பாட்டு மாத்திரை சஹருக்குப் போகும், காலைச் சாப்பாட்டு மாத்திரை நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தோடு வரும். பிறை தெரிந்த அன்றே மைமூன் டப்பாக்களை மாற்றி அடுக்கிவிடுவாள். அவள் உம்மா காலத்திலிருந்து அப்படித்தான், தெருவே அப்படித்தான். காலை மாத்திரை இரண்டு. மஞ்சள் ஒன்று. வெள்ளையில் சின்னதாக ஒன்று. வெள்ளை. மெடிக்கல் கடை சங்கரநயினார் அந்த வெள்ளையை விரலால் தட்டிக் காட்டினான், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், வீக்கம் வந்த புதிதில். "பாய், இது நீர் பிரியுற மாத்திரை. ஒடம்புல தேங்குன தண்ணிய எல்லாம் மூத்திரமா எறக்கிவிட்டுரும். காலைலயே போட்டுருங்க, பகலோட போயிரும். சாயந்தரம் போட்டியன்னா ராவெல்லாம் நீங்கதான் தெருவுக்குக் காவல்காரன்." சிரித்தானே. இவரும் சிரித்தாரே!

போன நோன்புக்கு அந்த மாத்திரை இல்லையா? இருந்தது. அப்போது ஏன்... இல்லை, போன வருஷம் மூன்று மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள், வீக்கம் வடிந்துவிட்டதென்று; பெருநாள் கழிந்துதான் மறுபடி ஆரம்பித்தது. அப்படியென்றால் இதுதான் முதல் நோன்பு. அப்படியென்றால் ஆறே முக்காலுக்குப் பேரீச்சம்பழத்தோடு அதை விழுங்குகிறோம், அது ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தண்ணீர் இறைக்கிறது, பத்து நாளாக இன்னொரு மாத்திரையைப் போட்டுப் பையைத் தட்டித் தூங்கவைக்கிறோம். மேல்தொட்டிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வாளியைச் சமாதானப்படுத்தியிருக்கிறார். டாக்டரம்மா கேட்டாளே, நேரத்துக்குப் போடுகிறீர்களா என்று. நோன்பு வைத்திருப்பதை அவள் கேட்கவில்லை, இவர் சொல்லவுமில்லை. கிட்னி நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னது நிஜம்தான் போலிருக்கிறது. அண்ணன் வழி இல்லை இது. அண்ணன் வழி இல்லை! சஜ்தாவில் நெற்றியை வைத்தபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்து மசூது அதைப் பார்த்து, ஓதலில் உருகிவிட்டார் மாமா என்று நினைத்திருப்பார், அதுவும் ஒரு பொய்க் கணக்கில் சேரும். இருபத்தாறு நாளாக மரணம் என்று எண்ணிக் கட்டிக்கொண்டு படுத்தது ஒரு வெள்ளை மாத்திரை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, இருமலாக வெளியே போனது, இருமிய வேகத்தில் அடிவயிறு பளிச்சென்று விழித்துக்கொண்டது.

காரணம் தெரிந்துவிட்டால் ஊற்று நின்றுவிடுமா? இன்று மாலையும் அவர் அதை விழுங்கியிருக்கிறார். பதினான்கு. அது இப்போது செருமவில்லை, பேசியது. பதினைந்தில் கத்தியது. நெற்றியில் வியர்த்தது, மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் வியர்த்தது. கால் விரல்களைப் பாயில் ஊன்றினார். விழுப்புரம், விழுப்புரம் வரைக்கும் போகிற ஆள் நீ, இன்னும் அரை மணி நேரம்தான் என்றார் தனக்குள், சொன்னவுடன் ஊதாத் துண்டு வந்தது. அடக்கிக்கொண்டு தொழக்கூடாது என்று அஜ்ரத்து பயானில் சொல்லியிருக்கிறார், மனசு தொழுகையில் நிற்காது என்று. மனசு எங்கே நிற்கிறது என்று அஜ்ரத்துக்கு எப்படித் தெரிந்தது? பதினாறு முடிந்த ஓய்வில் எழுந்து ஓடிவிடலாமென்றால், பொன்னாடை போர்த்த ஜமாஅத்து தலைவர் மாலையும் கையுமாகப் பின்னால் வந்து உட்கார்ந்து, "ஒம்ம மவன் மானத்தைக் காப்பாத்திட்டாம்யா" என்று தோளைப் பிடித்துக்கொண்டார். பதினேழு. ஒரு சொட்டு. இல்லை, வியர்வை. இல்லை, சொட்டுதானோ? சொட்டு என்றால் ஒளு போயிற்று, ஒளு போனால் நிற்பது வெறும் நிற்பு. முதல் வரிசையில், மகனுக்கு நேர் பின்னால், ஊர் பார்க்க வெறுமனே நிற்கலாம். யாருக்குத் தெரியும்? தஹஜ்ஜத்துக்காரர் அல்லவா அவர். பதினெட்டாவதில் இத்ரீஸ் சலாம் கொடுத்தான். நெய்னார் முகமது எழுந்தார். "மாமா, இன்னும் ரெண்டுதான், தமாம் ஆகப்போவுது" என்றார் மசூது. "தெரியும்" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த தலைகளுக்கு இடையே, தோளைத் தொட்டுத் தொட்டு, பதினோரு வரிசையையும் தாண்டிக்கொண்டு வெளியே போனார். ஊரே பார்த்தது, பார்க்கட்டும்.

கழிப்பறைத் தகரக் கதவை மூடியபோது ஒலிபெருக்கியில் மகன் தக்பீர் சொன்னான். பத்தொன்பது ஆரம்பித்துவிட்டது. உள்ளே அது வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு மாதத்துப் பயமும் அதோடு சேர்ந்து இறங்குவதுபோல அப்படி ஒரு நிம்மதி, அந்த நிம்மதியின் மேலேயே வருத்தம் ஏறி உட்கார்ந்தது. அவன் வேகத்துக்கு இந்த இரண்டு ரக்அத்தும் மூன்று நிமிஷம். இங்கே இருந்து எழுந்து, கழுவி, ஹவுல் தொட்டிக்குப் போய், மூன்று மூன்று தடவை கை, வாய், மூக்கு, முகம், தலை, கால்... முடிந்துவிடும். ஓதல் காதில் விழ விழ உதடு தானாக அசையப் பார்த்தது, இடம் ஞாபகம் வந்து இறுக்கி மூடிக்கொண்டார். தொட்டிப் படியில் உட்கார்ந்து கையை நனைக்கும்போதுதான் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. குரல் மெதுவாகப் போனது. இத்ரீஸின் குரல்தான், ஆனால் எக்ஸ்பிரஸ் இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் நீட்டி, நிறுத்தி, மூச்செடுத்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிற மாதிரி ஓதினான். வாய் கொப்பளித்தார், அவன் மூன்று வரியில்தான் இருந்தான். முகம் கழுவினார். குனிந்தான், நிமிரவே இல்லை, அவ்வளவு நேரம் குனிந்தே இருந்தான். உள்ளே யாரோ பொறுமையில்லாமல் தொண்டையைக் கனைத்தார்கள். வலது கால். இடது கால். விரல்களுக்கு இடையே ஒழுங்காகத் தேய்த்தார், அவசரத்தில் விட்டுவிட மனசு வரவில்லை.

இருபதாவது தொடங்கியிருந்தது. ஈரக்காலோடு வந்து, செருப்புகள் கிடக்கும் படியை ஒட்டி, கடைசி வரிசையின் ஓரத்தில் இடம் பிடித்துக் கையைக் கட்டினார். மகன் அங்கிருந்து தெரியவில்லை. வெள்ளைத் தொப்பிகளும் முதுகுகளும்தான். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தை முடித்துவிட்டு அவன் நிறுத்தினான். மூச்செடுக்கிற நேரத்தைவிட நீளமாக நிறுத்தினான். அப்போது இவருக்கு இருமல் வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை, கர்ரென்று ஒன்றும் குட்டியாக இரண்டும். மகன் கடைசி அத்தியாயத்தை எடுத்தான். நெய்னார் முகமதுவுக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டில் அதுவும் ஒன்று. ஒரு எழுத்தும் தவறாமல் முழுசாகக் கேட்டார்.

பொன்னாடை, மாலை, நேர்ச்சைப் பொட்டலம் எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்து, இத்ரீஸ் வாசலுக்கு வர அரை மணி நேரமாயிற்று. அவர் படியிலேயே நின்றிருந்தார்.

"எங்க வாப்பா நின்னிய?"

"கடேசி வரிசையில. முடியலடா."

"தெரியும். கேட்டுச்சு."

"ஏம்ல அப்படி இழுத்த? எல்லாரும் மொனங்குதானுவ."

அவன் மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான். "பதினெட்டு வரைக்கும் எனக்குப் பின்னால இருமல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பொறவு கேக்கல. மறுபடி கேக்குற வரைக்கும் மெதுவா ஓதுனேன்." தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உம்மாதான் தஹஜ்ஜத்துன்னு ஊரெல்லாம் சொல்லுதாவ. நான் முன்ரூம்ல படுத்துக்கிட்டு ஃப்ளஷ் சத்தத்தல்லா எண்ணிக்கிட்டுக் கெடக்கேன். நேத்து அஞ்சு. பெரிய வாப்பாவுக்கு வந்த மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு வாப்பா. கேக்கவும் வாய் வரல."

அவனும் எண்ணியிருக்கிறான். ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் படுத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே மீரானை நினைத்துப் பயந்திருக்கிறார்கள். நெய்னார் முகமது மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அது இல்லலே இது" என்றார். "காலையில போடவேண்டிய நீர் மாத்திரைய நோன்பு தொறக்கையில போட்டுக்கிட்டிருக்கோம். அவ்வளவுதான்னு தோணுது. டாக்டர் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாவ." டாக்டரிடம் போனது அவனுக்கு இப்போதுதான் தெரியும், முகத்தில் தெரிந்தது. "நானே எதையும் மாத்தப்போறதில்ல, மாத்தி வாங்கிக் கட்டிக்கிட்டது போதும். நாளைக்கு ஒரு எட்டு அந்த அம்மாகிட்ட போவணும். கூட வாறியா?"

"வாரேன்."

ஜுப்பாப் பையில் கைவிட்டு அந்த ஒற்றை மாத்திரையைத் தொட்டுப் பார்த்தார். இதையும் நாளைக்கு அவளிடம் காட்டிச் சொல்லிவிட வேண்டும். மைமூனிடம் சொல்ல வேண்டியதுதான் பெரிய பாடு. இரண்டு பேரும் படியிறங்கி, கொடிக்கம்பத்தைத் தாண்டி, தெருமுனைகூட வரவில்லை, அவர் நின்றுவிட்டார். மறுபடியும். மகன் முகத்தைப் பார்க்கக் கூசி, "நீ நட, நான் பொறத்தால வாரேன்" என்றார்.

இத்ரீஸ் பொன்னாடையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு கொடிக்கம்பத்தில் சாய்ந்தான்.

"நிக்கேன் வாப்பா. மெதுவா போயிட்டு வாங்க."